ஆட்டுப் பட்டிக்குக் காவல் வேலி

கிணத்துக்கடவு வட்டாரத்தில் ஆடு வளர்ப்பு பெரும்பாலான குடியானவர்களுக்கு உபதொழிலாக இருந்து வருகிறது. நிலத்தில் தக்காளியோ சோளமோ தென்னையோ இருக்க, வீட்டுப் பெண்களின் பொறுப்பில் பத்து வெள்ளாடுகளாவது இருபது செம்மறிகளாவது இருப்பது வழக்கம். பள்ளிச் சம்பளம், வைத்தியச் செலவு, கலியாணச் சீர் முதலியவற்றுக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருக்கையில் பட்டியிலிருந்து இரண்டு கிடாய்கள் சந்தைக்குப் போகும். ஆகவே பட்டியைக் குடியானவனின் சேமிப்புப் பெட்டி என்றே கூறலாம்.

அப்பெட்டி ஒரே இரவில் காலியாகிவிடக் கூடும் என்பதற்கு அண்மைக் காலத்தில் பல சான்றுகள் உண்டு. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் திருப்பூர் ஜில்லாவின் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளிலும், ஈரோடு ஜில்லாவின் சென்னிமலைப் பகுதியிலும் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகள் அடிக்கடி வந்தன. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் நஷ்டஈடு கோரினார்கள். அதன் பயனாக, நாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கும் இழப்பீடு வழங்குவதெனத் தமிழ்நாடு சர்க்கார் 2025 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. இழப்பீடு கிடைப்பது நன்றே. ஆயினும் சினையாடு இறந்தால் அதன் வயிற்றுக் குட்டியும் போயிற்று. குறைந்த மந்தையை மறுபடி பெருக்க இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும். இழப்பு நேராமல் காப்பதே முதற் கடமை. அதற்குரிய வேலியின் முறையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

பகை எது என்று அறிதல்

வேலி போடுமுன் எந்தப் பிராணிக்காக வேலி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காணத்துத் திறந்த வெளிகளில், முக்கியமாக மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய ராஜ்யங்களில், இடையர்களுக்கு ஓநாய் இன்றும் பகையாக இருக்கிறது. கொங்குச் சமவெளியிலோ இன்று பட்டிக்கு முதற் பகை நாய்க்கூட்டமே. நாய் ஓநாயின் வழிவந்த இனம். இரண்டும் தரையைத் தோண்டும், இடுக்கில் நுழையும், தாவும். ஆகையால் ஓநாய்க்கென வகுக்கப்பட்ட வேலி முறை நாய்க்கும் பொருந்தும்.

கடித்த பிராணி எதுவென்பதை இறந்த ஆட்டின் காயங்களைக் கொண்டு பெரும்பாலும் ஊகிக்கலாம். நாய்கள் பின்தொடை, விலா, காது ஆகிய இடங்களிற் கண்டபடி கடித்துக் குதறும், பல ஆடுகள் சாகும், தின்பது சொற்பம். ஓநாய் பெரும்பாலும் கழுத்தைப் பற்றிக் கொல்லும். கொன்றதைத் தின்னும் அல்லது இழுத்துச் செல்லும். நரி சிறு குட்டிகளையே நாடும். சிறுத்தை குரல்வளையைக் கவ்வி, ஆட்டைத் தூக்கிக்கொண்டு வேலியையும் தாண்டிப் போகும். நாய்க்குத் தரையோரக் காப்பு முக்கியம். சிறுத்தைக்கு மேற்கூரையே முக்கியம். இவ்வேற்றுமையை அறியாமல் செலவிடும் பணம் வீணாகும்.

பழைய வேலியும் இன்றைய தேவையும்

கொங்கு நாட்டில் வேலி புதிதன்று. காங்கேயம், தாராபுரம் பக்கங்களிலுள்ள கொறங்காடுகள் இதற்குச் சிறந்த உதாரணம். கொழுக்கட்டைப் புல் நிலத்தை மூடியிருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தர, சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலியாக நிற்கும். போத்துகளை நட்டால் கிளுவை எளிதில் வேரூன்றும், முள்ளுள்ளது, வறட்சியைத் தாங்கும், அதன் தழையை ஆடு தின்னும். மேய்ச்சற் காட்டை இவ்வளவு சிக்கனமாக அடைக்க வேறு வழி காண்பது அரிது.

ஆனால் அவ்வேலி எதற்காக ஏற்பட்டது என்று யோசிக்க வேண்டும். மேயும் ஆடு மாடுகள் பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் புகாதிருக்கவும், பக்கத்து மந்தை இங்கே வராதிருக்கவுமே அது ஏற்பட்டது. ஆட்டை உள்ளே நிறுத்தும் வேலி வேறு. நாயை வெளியே நிறுத்தும் வேலி வேறு. ஆடு வேலியின் நடுவில் முட்டிப் பார்க்கும். நாயோ அடியில் முகர்ந்து, இளக்கமான மண் எங்கே, இடுக்கு எங்கே என்று தேடும். பழைய உயிர்வேலிகளில் அடிக்கிளைகள் காய்ந்து, தரையோரம் சந்துகள் விழுந்துவிடுவது சாதாரணம். ஆடு கவனியாத அச்சந்து நாய்க்கு வாசலாகிவிடுகிறது. நான்கு முள்கம்பிகளை மட்டும் இழுத்துக் கட்டிய வேலியும் இத்தன்மையதே. அக்கம்பிகளின் இடையே நாய் தங்குதடையின்றி நுழையும். மூங்கிற் படல்களைச் சேர்த்துக் கட்டிய பட்டியும் ஆட்டை மறிக்குமேயன்றி, பசித்த நாய்க்கூட்டத்தை நெடுநேரம் தடுக்காது.

காட்டுக்கு வேலியா, பட்டிக்கு வேலியா?

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் நலம். 5 ஏக்கர் பூமி சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 1,867 அடி. 50 பெரிய ஆடுகள் இரவில் தங்க 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள பட்டி போதும். ஆடு ஒன்றுக்கு 24 சதுர அடி கிடைக்கும். அதிற் பாதிக்குக் கூரையும் போடலாம். இப்பட்டியின் சுற்றளவு 140 அடியே. காட்டு வேலி பட்டி வேலியைவிடப் பதின்மூன்று மடங்கு நீளம். அதே பணத்தை 1,867 அடிக்குப் பரப்பினால் தாழ்ந்த, நலிந்த வேலியே கிடைக்கும். 140 அடியிற் செலவிட்டால் உயர்ந்த, உறுதியான வேலி கிடைக்கும்.

நெடுவேலியின் கஷ்டத்துக்கு ஆஸ்திரேலியா தேசம் உதாரணம். டிங்கோ எனப்படும் காட்டுநாயிடமிருந்து செம்மறிகளைக் காக்க அங்கே ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் நீளமுள்ள வேலி நிற்கிறது. அதைச் சோதித்துப் பழுது பார்ப்பதற்கென்றே ஆட்கள் ஓயாமல் வேலை செய்து வருகிறார்கள். வேலி நீளுந்தோறும் காவலும் நீள வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஆகவே பகலில் காட்டுக்குக் கிளுவையும் மேய்ப்பவரும், இரவில் மந்தைக்குப் பலமான பட்டியும் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே சிறு குடியானவருக்கு ஏற்றது. பட்டி நாய் சத்தமிட்டு எழுப்பும்; ஆனால் தனியொரு நாய் கூட்டத்தை எதிர்த்து நிற்கும் என்று நம்புதல் கூடாது.

வேலி அமைக்கும் முறை

1. கால்கள். கல்லுக்கால்களாவது இரும்புக் கால்களாவது 8 அடிக்கு ஒன்றாக நட வேண்டும். மேலே சொன்ன பட்டிக்கு 18 கால்களும், கடவுக்கு ஒன்றுமாக 19 கால்கள் தேவை. தரைக்கு மேல் 6 அடி நிற்க வேண்டும். செம்மண் பூமியில் 2 அடி ஆழம் போதும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிப்பதால் கால்கள் சாயும். அங்கே இரண்டரை அடி முதல் 3 அடி வரை குழி எடுத்து, ஜல்லியும் சிமெண்டுக் கலவையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். மூலைக் கால்களுக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுத்தாலன்றி வலை தளர்ந்துவிடும்.

2. வலை. 2 அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைக் கால்களின் வெளிப்புறத்திற் கட்ட வேண்டும். அவ்வாறு கட்டினால் வெளியிலிருந்து மோதும் நாயின் பாரம் கால்களின் மேல் விழும், கட்டுக்கம்பி அறாது. வலையின் மேலும் நடுவிலும் அடியிலும் மூன்று இழுவைக் கம்பிகள் செல்ல வேண்டும். அடிக்கம்பி இல்லாத வலையை நாய் மூக்கால் தூக்கி நுழைந்துவிடும். ஆடுகள் வெளியிலுள்ள நாயைக் கண்டு மிரண்டு ஒரே மூலையில் நெருங்கினால் நசுங்கிச் சாவதும் உண்டு. ஆகையால் கீழ் 3 அடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டியையாவது தகரத்தையாவது உட்புறத்தில் வைத்து மறைப்பது நல்லது.

3. தரைவலை. வேலியின் உயிர் இதிலேயே இருக்கிறது. 2 அடி அகலமுள்ள வலையை வேலியின் அடிக்கம்பியோடு பிணைத்து, வெளிப்புறமாகத் தரைமேற் படுக்க வைத்து, முளைகள் அடித்து, ஓரத்திற் கற்களை அடுக்க வேண்டும். நாய் எப்போதும் வேலியின் காலடியிலேயே தோண்டத் தொடங்கும். அங்கே அதன் நகம் வலையில் மாட்டும். 2 அடி பின்னால் விலகித் தோண்டினால் நுழையலாம் என்று அதற்குப் புலப்படுவதில்லை. ஒரு மழைக்காலம் கடந்தால் புல் முளைத்து வலையைத் தரையோடு பிணைத்துவிடும். சுவரைப் போல் ஆழமாகக் கம்பியைப் புதைப்பதைவிட இதற்குச் செலவும் கூலியும் குறைவு.

4. மேற்சாய்வு. கால்களின் தலையில் ஒன்றரை அடி நீளமுள்ள இரும்புச் சட்டங்களை வெளிப்புறமாகச் சாய்த்துப் பொருத்தி, அவற்றின் மேல் வலையை நீட்ட வேண்டும். வலையைப் பற்றி ஏறும் நாய் சாய்வின் கீழ் வந்து நின்றுவிடும். வேலியின் வெளியே 6 அடி தூரத்துக்குள் விறகுக் கட்டு, சாணக் குவியல், சாய்ந்த மரம் முதலியன இருத்தல் கூடாது. அவை ஏணியாக உதவும். இவ்வாறு உயரம் 6 அடி, தரைவலை 2 அடி, சாய்வு ஒன்றரை அடி, ஆக ஒன்பதரை அடி அகல வலை 140 அடி நீளத்துக்கு வேண்டும். மொத்தம் 1,330 சதுர அடி.

5. கடவு. ஊரின் பெயரிலேயே நிற்கும் கடவு என்னும் சொல் வழியைக் குறிப்பது. ஆடு போகும் வழியே பெரும்பாலும் நாய் வரும் வழியுமாகிறது. கடவின் கதவு வேலியளவு உயரமாக இருக்க வேண்டும். கீழே கல் வாசற்படி பதித்து, கதவுக்கும் படிக்கும் இடையே 2 அங்குலத்துக்கு மேல் சந்து இல்லாமற் செய்ய வேண்டும். கதவு வெளிப்புறம் திறப்பதாயும், சட்டத்தில் வந்து படிவதாயும் இருந்தால், வெளியிலிருந்து நாய் தள்ளத் தள்ள அது இறுகும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் அவசியம். கயிற்றால் கட்டிய படல் கதவாகாது.

சிறுத்தை நடமாடும் இடங்களில்

ஆனைமலை அடிவாரத்தையும் மதுக்கரை, வாளையார் மலைப்பக்கங்களையும் அடுத்த ஊர்களில் சிறுத்தையின் பயமும் உண்டு. அதற்கு 6 அடி வேலி தடையன்று. இதற்கு லடாக் பிரதேசத்தின் அனுபவம் வழிகாட்டும். ஹெமிஸ் தேசியப் பூங்காவை அடுத்த கிராமங்களில் கூரையில்லாத கற்சுவர்ப் பட்டிகளுக்குள் பனிச்சிறுத்தை குதித்து, வெளியேற வழி தெரியாமல் மிரளும் ஆடுகளை ஒரே இரவிற் பலவாகக் கொன்று வந்தது. 2000 ஆம் ஆண்டையொட்டிய வருஷங்களில் அங்கே பட்டிகளின் மேற்புறத்தைக் கம்பிவலையாலும் மரச் சட்டங்களாலும் மூடி, இறுக்கமான கதவுகள் பொருத்தும் ஏற்பாடு தொடங்கியது. கம்பிவலையும் கதவும் வெளியிலிருந்து வந்தன. கல்லும் உழைப்பும் கிராமத்தார் தந்தார்கள். தம் உழைப்பும் கலந்திருந்ததால் பின்னர் அவற்றைப் பழுது பார்க்கும் பொறுப்பும் அவர்களுடையதாயிற்று. மலையடி ஊர்களில் முழுப் பட்டிக்கும் வலைக்கூரை இயலாவிடினும், குட்டிகளும் சினையாடுகளும் தங்கும் பகுதிக்காவது அது வேண்டும்.

மின்வேலி பற்றி எச்சரிக்கை

ஐரோப்பாவில் ஓநாய்கள் மீண்டும் பெருகிய நாடுகளில் மின்வேலி பெரிதும் பயன்படுகிறது. ஜெர்மனியில் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரமும், அடிக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத சந்தும் இருக்க வேண்டும் என்று கூறுவர். அங்கும் அடிச்சந்தே முதலிற் கவனிக்கப்படுவது நோக்கத்தக்கது. நம் பட்டி வேலிக்கு வெளியே, தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில் ஒரு மின்கம்பி ஓடினாலும் தோண்ட வரும் நாய் அஞ்சி விலகும். கம்பியைத் தொடும் களைகளை அடிக்கடி வெட்டாவிடில் மின்சாரம் தரையில் இறங்கி வீணாகும்.

மின்வேலிக்கு உரிய தரமுத்திரை பெற்ற கருவியையே உபயோகிக்க வேண்டும். அது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை, கண நேரத் துடிப்பாக மட்டும் மின்சாரத்தை அனுப்பும். அதிர்ச்சி உண்டாகும், உயிர் போகாது. கிணற்று மோட்டாரின் லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரும் யானைகளும் அதனால் இறந்திருக்கிறார்கள். வனப்பகுதியை அடுத்த நிலங்களில் மின்வேலியைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விதிகள் ஏற்பட்டுள்ளன. ஆகவே முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுதல் வேண்டும்.

விஷம் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓநாயும் சிறுத்தையும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. தெருநாயைக் கொல்வதையும் சட்டம் அனுமதிப்பதில்லை. வைத்த விஷத்தை முதலில் தின்பது பெரும்பாலும் வீட்டுப் பட்டி நாயாகவே இருக்கும்.

சங்கம் செய்யத் தக்கவை

ஒருவர் தம் பட்டியை மட்டும் அடைத்துக்கொண்டால் நாய்க்கூட்டம் அடுத்த பட்டிக்குப் போகும். ஆகையால் இது சங்கத்தின் காரியம். கோயமுத்தூர் ஜில்லாவின் விவரநூலை 1887 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட பிரடரிக் நிக்கல்சன் என்பவரே, பின்னர் 1895 முதல் 1897 வரை வெளியிட்ட அறிக்கைகளில், ஜெர்மனியின் ரெய்பீசன் முறைப்படி கிராமத்தார் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்கும் சங்கங்களை நம் மாகாணத்துக்குச் சிபாரிசு செய்தார். 1904 ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. ஒருவரால் ஆகாததைப் பலர் கூடி முடிப்பதே அதன் கருத்து. வேலி விஷயத்திலும் அக்கருத்தைக் கீழ்க்கண்டவாறு நடைமுறைக்குக் கொண்டு வரலாம்.

முதலாவது, கூட்டுக் கொள்முதல். பத்து அங்கத்தினர் சேர்ந்தால் 1,400 அடி வேலிக்கு வலையும் 190 கால்களும் ஒரே முறையில் வாங்கலாம். விலையும் வண்டிக் கூலியும் குறையும். கம்பி இழுக்கும் கருவி ஒன்றைச் சங்கமே வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கடன். விவசாயக் கடன் அட்டை வசதி 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அது தீவனம் முதலிய நடப்புச் செலவுக்கு உரியது. வேலி பல வருஷம் நிற்கும் முதலீடாகையால் மத்தியகாலக் கடனாகக் கேட்பதே பொருந்தும். குட்டிகள் விற்பனையாகும் பருவத்தை அனுசரித்துத் தவணைகளை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, இரையை ஒழித்தல். கோழி, இறைச்சிக் கழிவுகளைச் சாலையோரத்திலும் குளக்கரையிலும் பள்ளங்களிலும் கொட்டுவதே நாய்க்கூட்டம் பெருகக் காரணம். இறந்த கோழியையும் ஆட்டையும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க ஊருக்கு ஒரு குழி வேண்டும். கழிவு கொட்டுவதைத் தடுக்கவும், 2023 ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யவும் ஊராட்சியைச் சங்கம் எழுத்து மூலம் வற்புறுத்த வேண்டும்.

நான்காவது, சோதனை. மாதம் ஒரு முறை இரண்டு அங்கத்தினர் எல்லாப் பட்டிகளையும் சுற்றிப் பார்த்து, அடிக்கம்பி, தரைவலை, தாழ்ப்பாள், கரிசல் வெடிப்பு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறிக்கலாம். பெருமழைக்குப் பின் மறுநாளே பார்த்தல் வேண்டும். நீர் அரித்த ஒரு சாண் பள்ளம் நாய்க்குப் போதும்.

ஐந்தாவது, இன்ஷூரன்ஸ். ஆடுகளுக்குக் காதுவில்லை போட்டுக் காப்பீடு செய்வதைச் சங்கம் ஒரே நாளில் கால்நடை மருந்தகத்தோடு சேர்ந்து ஏற்பாடு செய்யலாம்.

கடி நேர்ந்தபின்

வேலி போட்டும் கடி நேர்ந்தால், அல்லது மேய்ச்சலில் நேர்ந்தால், பதற்றமின்றிக் காரியம் செய்ய வேண்டும். இறந்த ஆடுகளை உடனே அப்புறப்படுத்தாமல் அப்படியே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் ஊராட்சிக்கும் அறிவிக்க வேண்டும். மருத்துவரின் சான்று இன்றி இழப்பீடும் காப்பீடும் பெறுவது அரிது. கடியுண்டு பிழைத்த ஆடுகளின் காயத்தைக் கையுறை அணிந்து, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைக் கடித்த அன்றே தொடங்கி 3, 7, 14, 28 ஆம் நாட்களிலும் போட வேண்டும். அவ்வாடுகளைப் பிரித்து வைத்துக் கவனிக்க வேண்டும். அவற்றின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் கூடாது. கடியுண்ட ஆட்டை மறைத்துச் சந்தையில் விற்பது பிறர் உயிருக்கு அபாயம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற ஒரு வருஷத்தில் எத்தனை பட்டிகளில் கடி நேர்ந்தது? எந்தப் பிராணியால்? அது வேலியின் அடிவழியாக வந்ததா, மேல்வழியாகவா, கடவின் வழியாகவா?

2. அங்கத்தினர் ஒவ்வொருவர் பட்டியின் சுற்றளவு எத்தனை அடி? எல்லாம் சேர்ந்து எவ்வளவு வலை தேவை?

3. பட்டி உள்ள வீடுகளில் கம்பிவலை இப்போது வாங்க இயலாதவர் எவர்? அவர்கள் இவ்வாரமே கடவுக்கு வாசற்படியும் இரட்டைத் தாழ்ப்பாளும் அமைத்து, வேலியடியிற் கல் அடுக்கிக்கொள்ளச் சங்கம் எவ்வகையில் உதவலாம்?

4. ஊரில் இறைச்சிக் கழிவு விழும் இடங்கள் எவை? அவற்றைப் பற்றி ஊராட்சிக்கு எழுதும் பொறுப்பு எவருடையது?